ஏணிக்கால்

லீனா வாசலுக்கு வந்தபோது எரிக் ஏணியின் மூன்றாவது படியில் நின்றிருந்தான். காலில் வெறும் சாக்ஸ்.

“எறங்கு.”

“ரெண்டே நிமிஷம்க்கா. ஸ்டார மட்டும் கழட்டிட்டு…”

“எறங்குடா மொதல்ல!”

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. ஷாமியானாவின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த குரல்கள் ஒரு கணம் தடுமாறிவிட்டு மறுபடி சேர்ந்துகொண்டன.

உள்ளே ஐஸ் பெட்டியில் அவர்களுடைய அப்பா ஓஸ்வால்ட் படுத்திருந்தார். முந்தின நாள் காலை இதே ஏணியைப் போட்டு, இதே சுவரில், கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டப் போனவர். ஏணி ஒரு பக்கமாகச் சறுக்கிற்று. கேட்டுக்கு அடியிலிருந்த கல்லில் தலை பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. போஸ்ட்மார்ட்டம், கையெழுத்து, காத்திருப்பு எல்லாம் கடந்து இன்று மதியம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது மகன் அதே ஏணியில், சாக்கடைப் பக்கம் சரிந்த அதே கல்தரையில். மர்பி டவுன் பேட்டையில் பாதிப் பேர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் வாயிலிருந்தாவது ‘வேண்டாம்ப்பா’ என்று ஒரு வார்த்தை வந்ததா? காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எரிக் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.

“மம்மிதான் கழட்டச் சொன்னாங்க. சாவு வீட்ல ஸ்டார் எரிஞ்சா பாக்கறவங்க என்னா நெனப்பாங்க?”

“சுவிட்ச ஆஃப் பண்ணு.”

“பண்ணா கேட் லைட்டும் போயிடும். டாடி ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச் குடுத்து வெச்சிருக்காரு.”

அது அப்பாவின் வேலைதான். தனியாக ஒரு சுவிட்ச் எதற்கு, இரண்டும் ராத்திரியில்தானே எரியப்போகிறது என்று அவரே ஒயர் இழுத்துவிட்டார். அதனால் இருட்டத் தொடங்கியதும் யாரோ கேட் லைட்டைப் போட, மேலே சிவப்பும் மஞ்சளுமாக ஸ்டார் பளிச்சென்று எரிந்தது. அணைத்தால் சந்து முழுக்க இருட்டு. வருகிறவர்கள் அந்தக் கல்லில் இடறி விழ வேண்டியதுதான்.

“நான் வேணா ஒயர வெட்டிடறேன்” என்றான் எரிக். “கத்தி எங்க இருக்கு?”

லீனா கண்ணை மூடித் திறந்தாள். “ஒண்ணும் வெட்ட வேணாம். நான் டாடிக்கு ஒரு ஏணிக்கால் வாங்கிக் குடுத்தேன் பாரு, ஈஸ்டருக்கு. அது எங்க?”

“எது?”

“ஸ்டெபிலைசர்டா. ஏணி அடியில மாட்டறது. ரெண்டு பக்கமும் காலு விரிஞ்சிருக்கும், கீழ ரப்பர் இருக்கும்.”

“யாருக்குத் தெரியும்?”

யாருக்குமே தெரியவில்லை. லீனா வொயிட்ஃபீல்டில் ஒரு பெரிய ஆபீஸ் வளாகத்தின் பராமரிப்பைக் கவனிக்கிறவள். அங்கே ஒரு ட்யூப்லைட் மாற்றுவதானாலும் அவள் வந்து ஏணியை உலுக்கிப் பார்த்துத் தலையாட்டினால்தான் ஆள் ஏறலாம். முதுகுக்குப் பின்னால் ‘ஏணி மேடம்’ என்று அவளுக்குப் பேர். அவளிடம் திட்டு வாங்காத எலக்ட்ரீஷியனோ பெயிண்டரோ அந்த வளாகத்தில் கிடையாது. ஆனால் ஒருவரும் விழுந்ததில்லை. விழுந்தது பெற்ற அப்பன்தான்.

ஈஸ்டர் அன்று சாப்பாட்டு மேஜையில் அந்த ஏணிக்காலை வைத்தே அவருக்குப் பாடம் நடத்தினாள். இந்த யூ போல்ட்டை அடிப்படிக்குக் கீழே ஏணியின் இரண்டு பக்கச் சட்டத்திலும் மாட்ட வேண்டும், நட்டை இறுக்க வேண்டும், தரை சரிவாக இருந்தால் இந்தப் பின்னைப் பிடுங்கி ஒரு காலை மட்டும் நீட்டிக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். கேட்டாரா என்பதே சந்தேகம்.

“முப்பது வருஷம் பி.டி. மாஸ்டர்டி நான். ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னா சாயந்தரம் வரைக்கும் நிப்பேன். எனக்கே பேலன்ஸா?”

“நீங்க நிப்பீங்க டாடி. ஏணி நிக்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். பிறகு மட்டன் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.

லீனா உள்ளே போனாள். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக உருட்டி நாலாவது பத்து ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால், பாத்ரூம் மூலையில், ஃப்ரிட்ஜ் சந்தில் எல்லாம் பார்த்தாள். பரணில் பார்க்கலாமென்றால் அதற்கு ஏணி வேண்டும். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

எதிர்வீட்டு ஐரின் ஆன்ட்டிதான் ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்தார். கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறவர். பத்துக்கும் பத்துக்கும் நடுவில் குரலைத் தாழ்த்தி, “யாரு அது, லீனாவா? பொணத்த வெச்சிக்கிட்டு வீட்ட ஏன்மா பொரட்டற? கம்மல் கிம்மல் காணமா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி. நீங்க சொல்லுங்க.”

சோபாவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டி கிடைத்தது. மேலே ஏணிக்காலின் படம். லீனா அவசரமாகத் திறந்தாள். உள்ளே கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். சூசையப்பர், மாடு, மூக்கு உடைந்த ஆடு, துணியில் சுற்றிய குழந்தை.

தூக்கித் தரையில் எறியலாமா என்று வந்தது. நல்ல கெட்டி அட்டைப்பெட்டி, பொம்மை வைக்க வசதி. உள்ளேயிருந்த இரும்பு பழைய பேப்பர்காரனுக்குப் போயிருக்கும். மகள் சொன்னதற்கு இந்த வீட்டில் இருந்த மரியாதை இவ்வளவுதான். நேற்றிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது இது ஒன்றுதான். அதை மாட்டிக்கொண்டு ஏறியும் விழுந்திருந்தால் விதி என்று அழுதுவிட்டுப் போகலாம். தூக்கிப் போட்டுவிட்டு ஏறினவருக்காக எப்படி அழுவது?

அம்மா கேத்தரின் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். லீனா குனிந்து அவள் காதருகே கேட்டாள்.

“மம்மி, நான் குடுத்த ஏணிக்கால் என்னாச்சு?”

“யாருக்காச்சும் தூக்கிக் குடுத்திருப்பாரு” என்றாள் அம்மா, திரும்பாமலே. “வீட்ல இருந்த ட்ரில் மெஷினு எங்க? பெரிய இட்லி குண்டான் எங்க? குடுக்கறதுக்கு மட்டும் ஓடுவாரு. திருப்பிக் கேளுங்கன்னா, ‘கேட்டா தப்பா நெனப்பாங்க கேத்தி, அவங்களே தருவாங்க’ம்பாரு. யாரு தந்தா?” கொஞ்சம் நிறுத்தி, “அந்த ஸ்டார எடுக்கச் சொன்னேனே, எடுத்தாங்களா?” என்றாள்.

“எடுக்கறேன் மம்மி.”

அப்போதுதான் கிருஷ்ணப்பா உள்ளே வந்தார். சந்தின் கோடியில் வீடு, மெயின் ரோட்டில் பால் பூத். கன்னடக்காரர் என்றாலும் இந்தச் சந்திலேயே வளர்ந்ததால் தமிழ் அவருக்குப் பாதி சொந்தம். ஒரு கையில் ரோஜா மாலை. இன்னொரு கையில் கோணியில் சுற்றிய நீளமான ஏதோ. மாலையைப் போடக் கோணி வைத்திருந்த கை இடைஞ்சலாக இருந்தது. கீழே வைக்கவும் தயக்கம். கடைசியில் ஒற்றைக் கையாலேயே மாலையைப் பெட்டி மேல் சாத்திவிட்டு, கோணியோடு அப்படியே நின்று அழுதார். கோணியின் ஓட்டையில் மஞ்சள் ரப்பர் எட்டிப் பார்த்தது.

லீனா அவரை முழங்கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“இது உங்ககிட்ட எப்படி?”

“சாரு குடுத்தாரும்மா. வீட்டுக்கு நானே பெயிண்ட் அடிக்கறேன்னேன். ஆளு வெச்சா கட்டுப்படியாகல்ல, அதான். அடுத்த நாளே இத்த தூக்கிட்டு வந்துட்டாரு. ‘இது இல்லாம நீ ஏறினா உங்க வீட்டு காபிய தொடமாட்டேன் கிருஷ்ணப்பா’ன்னாரு. அவரே மாட்டினாரு.”

“அவரா மாட்டினாரு?”

“ஹௌதம்மா! எத்தன தபா சொல்லிக் குடுத்தாரு தெரியுமா? ரெண்டு காலும் தரைய தொடணும், ஒண்ணு ஆடினாக்கூட ஏறக்கூடாது. செவுத்த ஒட்டி நேரா நிறுத்தாத, நாலு அடி ஒசரத்துக்கு ஒரு அடி தள்ளிப் போடு. பெல்ட் பக்கிளு ஏணிக்கு வெளிய போகவே கூடாது. கை எட்டலன்னா ஏணிய நகத்து, ஒடம்ப நகத்தாத. தெனமும் வந்து நட்ட முறுக்கிப் பாப்பாரும்மா. ‘எம் பொண்ணு சொல்லிக் குடுத்தது, வெளையாட்டா?’ன்னு சொல்வாரு.”

அத்தனையும் லீனாவின் வாக்கியங்கள். ஈஸ்டர் மேஜையில், நல்லி எலும்புக்கு எதிரே உட்கார்ந்து சொன்ன அதே வரிசையில் இருந்தன. அந்த மனிதர் ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாம் காதில் விழுந்து, மனசில் தங்கி, சந்துக் கோடி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அவருடைய சொந்தக் காலுக்கு மட்டும்தான் போய்ச் சேரவில்லை. உள்ளே போய் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் தட்டி அவரை எழுப்பி ஒரு பிடி பிடிக்க வேண்டும்போல் இருந்தது லீனாவுக்கு.

“அத குடுங்க இப்படி” என்றாள்.

சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏணியைத் தரையில் படுக்க வைத்தாள். அடிப்படிக்குக் கீழே பட்டையை வைத்து, யூ போல்ட் இரண்டையும் மாட்டி, நட்டுகளைக் கையால் இறுக்கி, பிறகு எரிக்கைக் கொண்டுவரச் சொன்ன ஸ்பானரால் இன்னொரு சுற்று முறுக்கினாள். சாக்கடைப் பக்கத்துக் காலில் பின்னைப் பிடுங்கி இரண்டு ஓட்டை நீட்டி மறுபடி பின்னைப் போட்டாள். நிமிர்த்தி நிறுத்தி, அடியை முன்னால் இழுத்து, முதல் படியில் ஏறிக் குதித்துப் பார்த்தாள். இரண்டு ரப்பரும் தரையைக் கவ்வி நின்றன. சாவுக்கு வந்தவர்கள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்.

“நான் ஏர்றேன்க்கா” என்றான் எரிக்.

“நீ சாக்ஸ கழட்டிட்டு ஏணிய புடி. கேட் லைட்ட அணைக்கச் சொல்லு. எல்லாரும் செல்போன் லைட்ட போடுங்க.”

சந்து இருண்டு, பிறகு பத்துப் பதினைந்து செல்போன்கள் மேலே நிமிர்ந்தன. லீனா ஏறினாள். ஏணி அசையவில்லை. இவ்வளவுதானே செய்ய வேண்டியிருந்தது, இவ்வளவேதானே என்று ஒவ்வொரு படிக்கும் மனசுக்குள் அவரைத் திட்டினாள்.

மேலே போய் ஸ்டாரைப் பிடித்தபோது கீழே அம்மாவின் குரல் கேட்டது. பெட்டியை விட்டு எழுந்திருக்காதவள் கேட்டுக்கு வந்து, எரிக்குக்கு எதிர்ப்பக்கம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நேத்து அவரு கட்டிட்டு எறங்கிட்டாரு லீனா” என்றாள். யாருக்கும் கேட்காத குரலில்தான் சொன்னாள். சந்து அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. “கைய தொடச்சிட்டு உள்ள வந்தாரு. நான்தான் இங்க நின்னு பாத்துட்டு, கோணலா இருக்குன்னு சொன்னேன்.”

லீனா ஸ்டாரைப் பார்த்தாள். கம்பி ஆணியில் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் இன்னொரு சணல் முடிச்சு, இழுத்துப் பிடித்து இடப்பக்க ஆணிக்கு. ஏணியிலிருந்து ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருந்தது அந்த ஆணி. பெல்ட் பக்கிளை ஏணிக்குள் வைத்துக்கொண்டு அதை எவனாலும் எட்ட முடியாது.

“இப்ப நேராத்தான் இருக்கு மம்மி” என்றாள்.

இறங்கினாள். ஏணியை ஒரு முழம் இடது பக்கம் நகர்த்தி, கால்களை மறுபடி சரிபார்த்து, மறுபடி ஏறி, முடிச்சை அவிழ்த்து ஸ்டாரைக் கழற்றினாள். மறுபடி சுவிட்சைப் போட்டபோது கேட் லைட் தனியாக எரிந்தது.

மறுநாள் கோயிலில் பூசை முடிந்து கல்பள்ளி கல்லறையில் அடக்கம் பண்ணினார்கள். திரும்பி வரும்போது லீனா காரிலிருந்து கிருஷ்ணப்பாவின் வீட்டைப் பார்த்தாள். கீழ்ப்பாதி இளம்பச்சை, மேல்பாதி பழைய சுண்ணாம்பு. சுவரில் ஒரு மர ஏணி சாய்ந்திருந்தது. அதில் ஒரு படி உடைந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உடைந்த ஏணிக்கு எந்தக் காலை மாட்டி என்ன பிரயோஜனம்? பி.டி. மாஸ்டர் தினமும் வந்து நட்டை முறுக்கிப் பார்த்தாராம். படி கண்ணில் படவில்லையா?

வீட்டில் அம்மா முகம் கழுவிவிட்டு வந்ததும் முதலில் சொன்னது, “அந்த ஏணி இந்த வீட்ல இருக்க வேணாம்.”

“பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலாம்” என்றான் எரிக்.

“ஏணி என்னாடா பண்ணுச்சு?” என்றாள் லீனா.

ஐரின் ஆன்ட்டி வீட்டிலிருந்து இட்லி வந்தது. கடைசியாகப் போனவர்களும் போன பிறகு கிருஷ்ணப்பா மட்டும் வாசல் நாற்காலியில் காபி டம்ளரோடு மிச்சமிருந்தார். லீனா ஷாமியானாக்காரனுக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒரு விஷயம்” என்றார். “விழுந்த அன்னிக்குக் காலையில சாரு எங்க வீட்டுக்கு வந்தாரு.”

லீனா நிறுத்தினாள்.

“காபி குடிச்சாரு. பெயிண்ட் எது வரைக்கும் வந்ததுன்னு கேட்டாரு. மேல் செவுரு இன்னும் பாக்கின்னேன். ‘மெதுவா செய்யி, ஒண்ணும் அவசரம் இல்ல’ன்னாரு. கேட்டு வரைக்கும் போனவரு திரும்பி வந்து நின்னாரு. ஏதோ சொல்ல வராருன்னு பாத்தேன். மழ வராப்பல இருக்குன்னுட்டு போயிட்டாரு.” டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார். “ஸ்டார் கட்றதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா ஓடிவந்து குடுத்திருப்பேன்ம்மா. கேக்கவேயில்ல.”

கையிலிருந்த நாற்காலியை லீனா கீழே வைத்தாள். கோடி வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் எத்தனை தூரம்? கூப்பிட்டால் கேட்கிற தூரம். போயும் இருக்கிறார். காபியும் குடித்திருக்கிறார். ‘அது வேணும்’ என்ற ஒரு சொல். பாதி வேலையில் நிற்கிறவனிடம் போய்க் கேட்டால் நன்றாக இருக்காதே என்று திரும்பி வந்து, வெறும் ஏணியை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டார்.

நாற்காலியை மறுபடி எடுத்து அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு, “பெயிண்ட் முடிஞ்சுதா?” என்றாள்.

“பிடம்மா, விடுங்க, அது கெடக்குது.”

“முடிஞ்சுதா, இல்லையா?”

“மேல் செவுரு இருக்கு. பரவால்ல. எப்பவாச்சும் பாத்துக்கலாம்.”

“அப்ப ஏணிக்கால் வேணுமா, வேணாமா?”

கிருஷ்ணப்பா தலையைச் சொறிந்தார். “இந்த டயத்துல போயி… எப்படிம்மா…”

“வாயத் தொறந்து கேளுங்க அங்கிள்!” லீனா கத்திவிட்டாள். “வேணும்னா வேணும்னு கேட்டாத்தான் என்னா? யாரு தப்பா நெனச்சுக்கப் போறா? ஒருத்தரும் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் கேக்காதீங்க. நாசூக்கா காபி குடிச்சிட்டு எல்லாரும் வரிசையா கல்பள்ளிக்குப் போங்க!”

உள்ளேயிருந்து எரிக் ஓடிவந்தான். அம்மா கதவருகே வந்து நின்றாள். லீனாவுக்கு மூச்சு வாங்கியது. அப்பா விழுந்ததிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. துடைக்காமலே கிருஷ்ணப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விடுவதாக இல்லை.

கிருஷ்ணப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“பேகம்மா” என்றார். பிறகு தமிழிலும் சொன்னார். “வேணும்.”

“உங்க மர ஏணிய அடுப்புல வைங்க. எங்க ஏணியவே எடுத்துட்டுப் போங்க. கால கழட்டாதீங்க, அப்படியே மாட்டினபடி இருக்கட்டும். நெதமும் ஏறதுக்கு முன்னாடி நட்ட பாருங்க. பெயிண்ட் முடிஞ்சதும் நான் வருவேன். வந்து கேப்பேன்.”

“கேளும்மா” என்றார் அவர்.

எரிக் ஷூ போட்டுக்கொண்டு வந்தான். அவன் முன்னால், கிருஷ்ணப்பா பின்னால். இரண்டு பேரும் ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டினார்கள். கால் விரிந்து நின்றதால் சந்தில் நேராகப் போக முடியவில்லை. பார்த்துப் பார்த்து, மெல்ல நடந்தார்கள். சுவரில் ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பேட்டை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.

எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த ஐரின் ஆன்ட்டி புரை விழுந்த கண்ணை இடுக்கிப் பார்த்தார். சாவு வீட்டிலிருந்து நீளமாக எதையோ தோளில் சுமந்துகொண்டு போகிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவர்கள் கோடி வீடு போய்ச் சேரும்வரை உட்காரவில்லை.